பேங்குக்கே சொல்லாத கோட் நம்பர்

சுங்கை பட்டாணியிலிருந்து தஞ்சோங் டாவாய் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த ஓர் அம்மா தன் வீட்டுக்காரரிடம் போட்ட சத்தத்தில் பாதி பஸ் திரும்பிப் பார்த்தது.

“பணம் அனுப்புற கவுண்டர்ல உக்காந்திருக்குற பேங்க் கிராணிகிட்டயே பேங்க் கோட் நம்பர மறைச்ச ஆளு நீங்க ஒருத்தர்தான்!”

“கோட் நம்பர்னா ரகசியம்லா. மகன் லண்டன்லேருந்து எழுதி அனுப்புனது. கண்டவன்கிட்ட சொல்லி, எவனாவது காச எடுத்துட்டா?”

“அது அங்க எந்த பேங்குன்னு காட்டுற நம்பரு! சொன்னாத்தானே பணம் போய்ச் சேரும்? எஸ்டேட் ஸ்டோர் சாவிய இடுப்புல கட்டிக்கிட்டு அலைஞ்ச புத்தி எங்க போகும்? வெள்ளிக்கிழமைக்குள்ள ஃபீஸ் கட்டலன்னா பிள்ளையப் பரீட்சை எழுத விடமாட்டானுங்க!”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அந்தக் கடுதாசியக் குடுங்க. நாளைக்கு நானே போறேன்.”

“மனப்பாடம் பண்ணிட்டுக் கிழிச்சுப் போட்டேன்.”

“கிழிச்சீங்களா! சொல்லுங்க, இப்பவே சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்!”

அவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

“இங்க வேணாம். பின்னாடி ஆளு ஒட்டுக் கேக்குது.”