அகலக் கித்தான்

இந்தத் தேத்தண்ணியில் சீனி குறைவு, இன்ஸ்பெக்டர் ஐயா. பரவாயில்லை, சூடாக இருக்கிறதே. மழை பிடித்ததிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. களைத்துப் போய்விட்டேன்.

படம் வரையாதவர்களுக்கு ஒன்று புரியாது. எதை வரைவது என்பதைப் பாதிக்குமேல் தீர்மானிப்பது கித்தானின் அளவுதான். நெட்டைக் கித்தான் கண்ணை மேலிருந்து கீழே இறக்கும். அகலமானதில் கண் ஓரத்துக்கு ஓரம் நடக்கும். வழியில் ஆள் நடமாட்டம் இல்லாவிட்டால் படம் செத்துப்போகும். ஹாலிஎலவுக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்துத் துரை கேட்டது அகலப் படம். பங்களாவில் கணப்புக்கு மேலே இருந்த இடம் அப்படி. நீளம் தாராளம், உயரம் கஞ்சத்தனம். ஆகவே மலையின் மேற்பாதியை விட்டுவிட்டு, அடிவாரத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தை வைத்தேன். திறந்த கதவுகள், அடுப்புப் புகை, கொடியில் சேலைகள். நானே சொல்லக் கூடாது, நன்றாக வந்துகொண்டிருந்தது.

அந்த லயத்தில் கொழுந்து பறிக்கும் ஜெயலெட்சுமி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கச் சம்மதித்திருந்தாள். ஒருநாள் என்னை மேலே கூட்டிப்போய்க் காட்டினாள். தேயிலைக்கு நடுவே மலை குறுக்காக வெடித்திருந்தது. என் கை முழங்கைவரை உள்ளே போனது.

"காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு வராம இருக்கக் கதை கட்டுறோம்னு கங்காணி ஏசுறாருங்க. நீங்க பங்களாவுக்குப் போறவங்க. தொரைகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி. மழை வந்தா புள்ளைகளோட எங்க ஓடுறது?"

"சொல்றேன் தாயி," என்றேன்.

சொல்லவில்லை. துரை இரக்கமுள்ளவர், கேட்டிருந்தால் அன்றைக்கே லயத்தைக் காலி செய்திருப்பார். பிறகு புகை ஏது, சேலை ஏது? படம் முழுக்க மூடிய கதவுகள்தான். வெடிப்போ என் படச் சட்டத்துக்கு மேலே, வெளியே இருந்தது. அதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? அவள் மறுபடி கேட்டபோது, துரையிடம் சொல்லியாயிற்று, பயமில்லை என்றார் என்றேன். நிம்மதியாக நின்றால்தானே முகம் சரியாக வரும். அன்று அவள் முகம் மிக நன்றாக வந்தது.

மழை வந்தது, மலை இறங்கியது. லயத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை. துரை படத்தின் முன்னால் நின்று அழுதார்.

படம் முடிந்த பிறகாவது ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். அலுப்புதான் ஐயா, வேறொன்றுமில்லை. என் அறையிலிருந்த நெட்டைக் கித்தானைப் பற்றியும் கேட்டீர்கள். சரிந்த மலைக்கு அகலம் உதவாது. கொழும்பிலிருந்து வந்துசேர நாளாகும் என்பதால், வெடிப்பைப் பார்த்த அன்றே அதற்குச் சொல்லியனுப்பிவிட்டேன்.