கார்த்திகையில் பேசும் கூலி

தலைமையேற்றிருக்கும் நாட்டாண்மை லட்சுமணன் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் புளி ஒப்பந்தக்காரர் கோபால்சாமி அவர்களே, நெல்லிவாசல்நாட்டிலிருந்து நடந்தே வந்திருக்கும் தாய்மார்களே, தோழர்களே!

நம் மலைக் கூலித் தொழிலாளர் சங்கத் தலைவி கன்னியம்மாள் மறைந்துவிட்டார். சங்கச் செயலாளர் பிலிப் ஆகிய நான் அழ வேண்டிய நேரம் இது. ஆனால் எனக்கு அழுகையைவிடச் சந்தேகம்தான் வருகிறது! ஏன்? சற்று முன் ஒப்பந்தக்காரர் அறிவித்தார்: தலைவியின் நினைவாக, அடுத்த வாரம் முதல் கூலி முழுவதும் ரொக்கம், அதுவும் உயர்த்தி! நீங்கள் கைதட்டினீர்கள். இரங்கல் கூட்டத்தில் கைதட்டல்!

தாய்மார்களே, இது எந்த மாதம்? கார்த்திகை.

சர்க்கார் புதிய கூலிச் சட்டம் கொண்டுவந்த வருடம் மறந்துவிட்டதா? அதுவரை புளி உலுக்கினாலும் மூட்டை சுமந்தாலும் மாலையில் சாமையைப் படியால் அளந்து தருவார்கள். இனிமேல் காசு என்றார்கள். அன்றைய சாமை விலையைப் போட்டுக் காசாக்கி, மேலே கொஞ்சம் சேர்த்தும் கொடுத்தார்கள். அன்றும் கார்த்திகைதான்! அறுப்பு முடிந்து களமெல்லாம் சாமை குவிந்த மாதம். அதைவிட மலிவாக அது எப்போது விற்கும்? நாம் யோசித்தோமா? தலைவி ஒருவர்தான் கைநாட்டு வைக்காமல் நின்றார்.

சித்திரையில் வீட்டுச் சாமை தீர்ந்தது. சந்தவாசல் கடையில் விலை இரட்டிப்பாகியிருந்தது. கூலி மட்டும் கார்த்திகையிலேயே நின்றது! இங்கே உட்கார்ந்திருக்கும் நம் பச்சையம்மா பிள்ளைகளுக்குக் காட்டுக்கிழங்கு அவித்துப் போட்டதை நான் சொல்ல வேண்டுமா?

தலைவி இந்த ஒப்பந்தக்காரர் வாசலுக்கே போனார். நானும் உடனிருந்தேன்.

“இன்னா சாமி, கூலிய ஏத்திட்டேன்னீங்க. முன்னல்லாம் ஒரு நாள் கூலிய வூடே தின்னும். இப்ப எனக்கே பத்தல. எங்க ஏறிச்சு, காட்டுங்க.”

“சட்டம் சொன்னதத்தாம்மா குடுக்கறேன். வெலைய நானா ஏத்தினேன்?”

“கட வெச்சிருக்கிறது உங்க மச்சான்தானுங்களே. அவர கேட்டுட்டு வர்றேன், இங்கியே இருங்க.”

அன்றே வேலை நின்றது. புளி மரத்திலேயே தொங்கியது. பாதிக் கூலி படியில், பாதி காசில் என்று இவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் தலைவி மரத்தடிக்கு வந்தார். அந்தப் பாதிப் படிதான் இத்தனை வருடமாக நம் அடுப்பைக் காத்தது. தலைவி இல்லாத முதல் கார்த்திகையில், அந்தப் படியைத்தான் இவர் கேட்கிறார்!

ஒப்பந்தக்காரர் அவர்களே! உங்கள் பரிவு உண்மையென்றால் இதே பேச்சைச் சித்திரையில் பேச வாருங்கள். அன்றைய சாமை விலையைப் போட்டுப் பார்ப்போம். அதுவரை படி அளக்கத்தான் வேண்டும்.

தோழர்களே, ரொக்கத்துக்கு ஒருவரும் கைநாட்டு வைக்க மாட்டோம் என்று உறுதி சொல்பவர்கள் எழுந்து நில்லுங்கள். நம் கன்னியம்மாளுக்கு இதுவே மௌன அஞ்சலி.

எல்லோரும் எழுந்துவிட்டோம். ஐயா கோபால்சாமி அவர்களே, நீங்கள் மட்டும் உட்கார்ந்திருக்கிறீர்கள்.