நெஞ்சில் நிற்காத நீலம்

பவுடர் பெயின்ட் மற்ற இடமெல்லாம் ஒட்டியது, நெஞ்சில் மட்டும் உதிர்ந்தது. ஏன் என்று எனக்குப் பிடிபடவே இல்லை, சார்.

வேலை எளிமையானதுதான். கன் என்று ஒன்று உண்டு. அது பவுடருக்கு மின்னேற்றம் கொடுத்துத் தெளிக்கும். எதிரே உள்ள பொருளுக்கு எர்த் கொடுத்திருந்தால் பவுடர் தானாகத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். ஓசூரில் பைக் பாகங்களுக்கு இப்படித்தான் நிறம் ஏற்றுகிறார்கள். நான் மனித உடம்பின் மேல் இப்படி ஓவியம் தீட்டி, ஒவ்வொரு மாற்றத்தையும் படமெடுத்து, கோர்த்து ஓடவிட நினைத்தேன்.

அதற்கு முன் துருப்பிடித்த தகட்டில் வரைந்திருக்கிறேன். ஃபிலிமைக் கீறியே ஒரு படம் செய்தேன். பெங்களூரில் திரையிட்டபோது பாதியில் எழுந்து போனார்கள். என் மனைவி ஜெபசீலி சொல்லிவிட்டாள்: "இதுவும் திரும்பி வந்துச்சுன்னா கேமராவ வித்துட்டு கம்பெனி பஸ் ஏறிடு." திரைப்பட விழாவுக்குப் படம் அனுப்ப அந்த ஞாயிறுதான் கடைசி நாள்.

நண்பன் எட்சன் தன் கோட்டிங் பட்டறையைத் திறந்துவிட்டான். உடம்பு தரவும் சம்மதித்தான். ஈரத்துணி மின்சாரத்தைக் கடத்தும். அதனால் கைகளையும் சேர்த்துக் கழுத்துவரை இறுகச் சுற்றி, இரும்புப் பலகையில் படுக்கவைத்து, எர்த் கிளிப்பை மாட்டினேன்.

"கொழந்தைக்குக் கூட இவ்ளோ பவுடர் அடிக்க மாட்டாங்கடா," என்று சிரித்தான்.

நெஞ்சில் நீலம் உதிர்ந்தது. எர்த்தைச் சோதித்தேன். துணியை மறுபடி நனைத்தேன். மின்விசிறியை நிறுத்தினேன். திரும்பவும் உதிர்ந்தது. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. அசையாதே என்று கெஞ்சினேன்.

"மூச்சு வுடாம கெடக்க நான் என்ன பொணமா? அப்ப நீ பொணத்ததான் கூட்டினு வரணும்."

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் எனக்கு அப்போதுதான் விளங்கியது. அத்தனையும் சோதித்தவன் மூச்சை யோசிக்கவில்லை.

மிச்சமிருந்த ஈரத்துணியை மடித்து அவன் மூக்கிலும் வாயிலும் வைத்து, கால்கள் அடங்கும்வரை அழுத்திப் பிடித்தேன். அவன் கை உயர்த்தித் தடுக்கவில்லை. அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொண்டேன்.

பிறகு மறுபடி தெளித்து, படத்தை முடித்து அனுப்பிவிட்டேன். மூச்சு நின்றுவிட்டால் பவுடர் உதிர்வதில்லை.