கடல்நாய் தப்பிச்சுடுத்து

இல்லப்பா, நீர்நாய் வேற, கடல்நாய் வேற. நேத்து கேபிள்ல காட்டினது கடல்நாய். அண்டார்டிக்ல பனிக்கட்டி மேல படுத்துண்டு வெயில் காயும். அதைப் பிடிக்க வரதுதான் ஓர்கா. ஓர்காவும் திமிங்கிலம் இல்லே, டால்ஃபின் ஜாதி. எல்லாரும் தப்பாத்தான் சொல்றா.

ரமேஷ், நாற்காலியை இழுக்காதே, இருக்கற எடத்துலயே உக்காரு. செருப்பை வாசல் ஓரமா தள்ளிட்டியோன்னோ? சரி. பாமா மாமி உள்ள படுத்துண்டிருக்கா, மெதுவாவே பேசறேன்.

முதல்ல ஒரே ஒரு ஓர்கா தண்ணிக்கு மேல தலையை நீட்டி எட்டிப் பாக்கும். யாரு, எத்தனை பெரிசு, தனியா இருக்கான்னு. அப்புறம் போய் மத்ததை அழைச்சுண்டு வரும். நாலஞ்சும் வரிசையா, ஒரே வேகத்துல பனிக்கட்டியைப் பாக்கப் பாயும். கிட்ட வந்ததும் சட்டுனு அடியில முங்கிடும். ஒண்ணும் அதைத் தொடல பாரு! அலைதான் எழும்பி கட்டியை ஆட்டும். கடல்நாய் வழுக்கும், ஒட்டிண்டு கெடக்கும். மறுபடி ஒரு அலை.

சிரிக்காதே. இங்க எட்டிப் பாத்தது நம்ம சொசைட்டி சேர்மன் ஷிண்டே. காகா, உடம்பு எப்படின்னு மராத்தில விசாரிச்சுண்டே சுவத்து விரிசலைப் பாத்துட்டுப் போனார். முதல் அலை ஜோஷி காகு, அதான் பக்கத்தாத்து மாமி. கையில மோதக், நம்ம கொழுக்கட்டைதான். இந்தக் கட்டடத்தை இடிச்சு பில்டர் கட்டப்போற புது ஃப்ளாட்ல, ஏழாவது மாடி பால்கனிலேர்ந்து கோர்படி ஸ்டேஷன் ரயிலெல்லாம் தெரியும்னு மாமிட்ட அளந்தா. மாமியும் சிரிச்சுண்டே தலையாட்டினா. அடுத்த அலை, கணபதி ஆரத்திக்கு எல்லார் ஆத்துக்கும் முறை போட்டுட்டு எங்களை மட்டும் மறந்து போனது. இப்ப நீ. தமிழ்ல கேட்டா மாமா மசிவார்னு அனுப்பியிருக்கா. அவா எடத்துல நான் இருந்தாலும் உன்னைத்தான் அனுப்பியிருப்பேன்.

கோவமெல்லாம் இல்லடா. ஓர்காவும் குட்டியை வச்சுண்டுதானே இருக்கு. போன மழையில உன் கொழந்தை தொட்டில்மேல காரை பேந்து விழுந்தது எனக்குத் தெரியாதா? இடிக்கத்தான் வேணும். நான் ஒருத்தன் கையெழுத்துப் போடாததால நீங்க எல்லாரும் ஒழுகற வீட்டுல கெடக்கறேள். கிழத்துக்குப் பிடிவாதம்னு பேசறா. பேசட்டும்.

எதுக்குப் போடலையா? கடல்நாய்க்கு என்ன ஆச்சா?

பாமா மாமி கேட்டா தப்பிச்சுடுத்துன்னு சொல்லு. நேத்து அவளும் பக்கத்துலதான் இருந்தா. எந்தப் பக்கத்துலேர்ந்து வரது, இப்ப அது என்ன பண்றதுன்னு நச்சரிச்சா. நானும் சொல்லிண்டே வந்தேன். கடைசில தப்பிச்சுடுத்துன்னேன். அப்பாடான்னா. எங்க தப்பிச்சது? தண்ணில விழுந்தது. ஒரு ஓர்கா அதைத் தூக்கி மறுபடி பனிக்கட்டி மேலயே வச்சுது. குட்டிகளுக்கு வேட்டை கத்துக் குடுக்கறதாம். மறுபடியும் முதல்லேர்ந்து அலை.

கிளம்பறியா? காகிதத்தை வச்சுட்டுப் போ. போட்டுடறேன். போடாம என்ன பண்ணுவேன்? கட்டி முடிக்கறவரைக்கும் வாடகைக்கு வீடு பாத்துக் குடுக்கறேங்கறே, பாரு. கீழ் வீடா இருந்தாத் தேவலை.

ஏய், நாற்காலி! அங்க இல்லே, இன்னும் கொஞ்சம் சுவரோட. ஆங், அப்படி. அதைத் தொட்டுண்டுதான் அவ சமையலுள்ளுக்குத் திரும்புவா. கண்ணு போய் ரெண்டு வருஷமாறது. நரம்பு பட்டுப்போச்சு, ஒண்ணும் பண்றதுக்கில்லேன்னுட்டார் டாக்டர். யாருக்கும் தெரியப்படாதுன்னு சத்தியம் வாங்கிண்டிருக்கா, நீயும் வாயைத் தொறக்காதே. முப்பது வருஷம் நடந்த வீடோன்னோ, இங்க ஒரு எடத்துல இடிச்சுக்க மாட்டா. தனியா நின்னு வத்தக்குழம்பு வைக்கறா.

கடல்நாய் தப்பிச்சுடுத்துன்னு சொல்லிடலாம்டா. வேற ஆத்துல கொண்டுபோய் நிறுத்தி, இதுதான் நம்ம சமையலுள்ளுன்னு எப்படிச் சொல்றது?