நூறு கம்ப்யூட்டரும் ஒரு நெஞ்சும்

மலேசியாவின் ஈப்போவில் ஒரு மருத்துவமனை. லிஃப்டுக்குக் காத்திருந்தே மனிதன் செத்துவிடுவான். எனக்கு முன்னால் நின்ற அம்மா, கழுத்தில் பல்கலைக்கழக அட்டை தொங்கிய மகளிடம் சொன்னார்:

“ஒங்கப்பா நெஞ்சு மாதிரி ஒண்ணு கம்ப்யூட்டர்ல செஞ்சு, ஷாக் குடுத்துப் பாரு. அப்புறம் டாக்டருக்குப் பதில் சொல்லலாம்லா.”

“நெஞ்சுத் துடிப்பு மறுபடி நின்னா ஷாக் குடுக்கவா, விட்டுறவான்னு கேக்குறாரு. இப்பவே சொல்லணும்மா.”

“நீ அதானே படிக்கிற?”

“நெஞ்ச துண்டு துண்டா பிரிச்சு நூறு கம்ப்யூட்டருக்குப் பங்கு போடுவோம். எல்லாம் ஒண்ணா கணக்குப் போட்டாலும், கொஞ்ச நேரத் துடிப்புக்கே நாள் கணக்கா ஆகும்.”

“அதுவரைக்கும் அவரு தாங்குவாரா?”

“மாட்டாரும்மா.”

“அப்ப அது யாருக்குத்தான்?”

“பின்னால வர்றவங்களுக்கு.”

“பீடோர் தோட்டத்துல ரப்பர் பால்மரம் சீவி ஒன்ன படிக்க வச்சாரே, பின்னால வர்றவனுக்காகவா?”

லிஃப்ட் திறந்தது. அம்மா நகரவில்லை.

“நீ போ. விட்டுருங்கன்னு நீயே சொல்லிரு. என் வாயால வராது.”

மகளும் நானும் ஏறினோம். கதவு மூடியது. அவள் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை.