புதன்கிழமைக்கு ஒரு நூறு வயசு

இன்னொரு கேக்கா? ஐயோ சாமி! வெக்க எடமில்ல நைனா. ஃபிரிட்ஜுல கேக்கு, மருந்து அலமாரில கேக்கு, சாவித்திரிம்மா கட்டிலுக்கு அடில கூட ஒரு கேக்கு கீது. எந்தக் கடைலேந்து வர்ற? சர்தான், எந்தக் கடையா இருந்தா இன்னா. ஹெல்மெட்ட கழட்டிட்டு இப்டி நெழல்ல குந்து. ஆக்னஸ் மேடம் உள்ள பந்தலுக்காரன்கிட்ட கத்திகினு கீறாங்க. அவங்கதான் இந்த இல்லத்த நடத்தறாங்க, அவங்க வந்துதான் வாங்கணும். நான் சமையலு. பூங்காவனம். இங்க பெருசுங்களுக்கு சோறு பொங்குறது நாந்தான்... பொங்க வுட்டாத்தான!

இன்னாவோ சொல்ல வர்ற... இரு, நான் முடிச்சிக்கிறேன்.

ஞாயித்துக்கெயம ஆனா எங்க அடுப்புக்கு லீவு. முகப்பேர்ல ஒரு கொயந்தைக்குப் பொறந்த நாளா, இங்க வந்துடுவாங்க. அயனம்பாக்கத்துல ஒருத்தரு ரிட்டையரு ஆனாரா, இங்க வந்துடுவாங்க. புதுக் காரு வாங்குனாலும் சரி, கல்யாண நாளுன்னாலும் சரி, முதியோர் இல்லத்துல ஒரு வேள சோறு போட்டா புண்ணியம். நல்ல மனசுதாம்பா, நான் கொற சொல்லல! ஆனா எல்லாப் புண்ணியமும் ஞாயித்துக்கெயமயே வந்து வியுந்தா எப்டி? காலைல ஒரு ஊட்டு நெய்ப் பொங்கலு, மதியானம் இன்னொரு ஊட்டு பிரியாணி, சாயங்காலம் கேக்கு, சமோசா. மூணு வேளையும் பெருசுங்க சிரிச்சிகினே குந்தணும், போட்டோ புடிப்பாங்க இல்ல? திங்கக்கெயம காலைல வந்து பாரு... பாத்ரூம் வாசல்ல ரேஷன் கட கணக்கா க்யூ!

அப்பால செவ்வா, புதன்... ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்காது. நான் வெச்ச ரசத்த மோந்து பாத்துட்டு நடேசன் தாத்தா கேக்குறாரு, "இன்னா பூங்காவனம், இன்னிக்கி ஊர்ல யாருமே பொறக்கலியா?" எம்மாம் கொயுப்பு பாரு அந்தாளுக்கு!

சிரிக்க மாட்டியா நீ? சரி, இதக் கேளு. போன மாசம் ஒரே மதியானத்துல ரெண்டு பார்ட்டி. ஒண்ணு, கொயந்தைக்கு மொத பொறந்த நாளு. இன்னொண்ணு, ஒரு ஐயாவோட மொத வருசத் திதி. மாலை போட்ட போட்டோவத் தூக்கிகினு அந்தம்மா அயுதுகினே வராங்க. எங்க பெருசுங்களுக்குப் பயக்கம் இன்னா? யாரு முன்னாடி வந்து நின்னாலும் கை தட்டணும், பொறந்த நாள் பாட்டு பாடணும். அவ்ளோதான்! அந்த போட்டோவப் பாத்து எல்லாம் சேந்துகினு பாட்ட எடுத்து வுட்டாங்க பாரு... நான் சாம்பார் வாளியப் போட்டுட்டு ஓடியாறேன், அதுக்குள்ள சாவித்திரிம்மா போட்டோ நெத்தில விபூதி பூசி, "நூறு வயசு நல்லா இருப்பா"ங்குது! அந்தம்மா அயுகைய நிறுத்திட்டு சிரிக்க ஆரம்பிச்சிட்டாங்க நைனா. சிரிச்சி சிரிச்சி, புடவைல மூக்க தொடச்சிகினு, "அவரு இருந்தா இதான் புடிச்சிருக்கும்"னாங்க. எனக்கும் தாங்கல. நின்ன எடத்துலயே அயுதுட்டேன், சிரிச்சிட்டேன், ரெண்டும் ஒண்ணா வந்துச்சி.

அந்த "நூறு வயசு" கீது பாரு... அதான் எவளோ ஒரு புத்திகெட்டவ மண்டைல பூந்துகிச்சி.

இன்னா ஆச்சின்னா, ஒரு லேடி போன் பண்ணாங்க. ஞாயித்துக்கெயம ஃபுல்லுன்னதும், "அப்ப வேற இல்லம் பாத்துக்கறோம்"னு போன வெக்கப் போனாங்க. ஒடனே அந்தப் புத்திகெட்டவ, "புதன்கெயம வாங்கம்மா, எங்க நடேசன் தாத்தாக்கு அன்னிக்கி நூறு வயசு முடியுது, கேக்க நாதியில்ல பாவம்"னு ஒரு பீலா வுட்டுட்டா. நடேசன் தாத்தாக்கு நூறா? எய்பத்தி நாலு கூட சரியா முடியல! அம்பத்தூர் எஸ்டேட்ல லேத்து ஓட்டுன ஒடம்பு. தெனம் ஏரிக்கரைல வாக்கிங் போறாரு, வந்து எங்கூட சண்ட புடிக்கிறாரு.

அந்தப் புத்திகெட்டவ யாருன்னா கேக்குற? கிட்ட வா. மேடத்துக்குத் தெரியாது... நாந்தான்.

புதன்கெயம ஒரு ஊட்டுக்காரங்க வருவாங்க, கூட ரெண்டு காய் போட்டு பெருசுங்க நல்லா துன்னும்னு பாத்தேன். அந்த லேடி நான் சொன்னத அப்டியே தாத்தா போட்டோவோட வாட்ஸ்அப்புல போட்டுட்டாங்க! நூறு வயசுக்காரரு கால்ல வியுந்தா ஆயுசு கெட்டின்னு இன்னிக்கி முகப்பேரே கெளம்பிடுச்சி. குத்தம்பாக்கத்துலேந்து பேண்டு செட்டு வருது. ரோட்டுல பேனரு பாத்த இல்ல, தாத்தா தலைய சுத்தி ஒளிவட்டம் போட்டுக்கீறாங்க!

இரு, இரு, நீ அப்பால பேசு. தாத்தாவ தயார் பண்ணணும் இல்ல? நாந்தான் சொல்லிக் குடுத்தேன். தலைய ஆட்டு. கைய நடுக்கு. யாரு வந்து நின்னாலும் அடையாளம் தெரியாத மாரி "யாருப்பா நீ"ன்னு கேளு. இல்லன்னா இந்தாளு வர்றவன் போறவன்கிட்டல்லாம் எந்தக் கம்பெனி, இன்னா வேலன்னு நோண்டி மானத்த வாங்கிடுவாரு. மொதல்ல முடியாதுன்னாரு. அப்பால, "காராசேவு வாங்கியாந்தா நடிக்கிறேன்"ன்னாரு! இத்தினி கேக்கு துன்ன மனுசன் ஆசப்படறது இன்னாத்துக்கு? பூந்தமல்லில எதோ ஒரு கட, மொளகு தூக்கலா போடுவானாம், அந்தக் காராசேவுக்கு! எவன்பா பொறந்த நாளுக்குக் காராசேவு வாங்கியாறான்?

நாதியில்லன்னு நான் சொன்னது மெய்யாலுமே பொய்யி. புள்ள ஒருத்தன் முகப்பேர்லயே கீறான். டிவி சவுண்ட கொறன்னானாம். அதுக்கு சண்ட போட்டு, பைய தூக்கிகினு இங்க வந்து குந்திகினாரு. புள்ள போன் பண்ணா, "தூங்குறேன்னு சொல்லு"ன்னு எனக்கு ஆர்டரு. ஆனா போன் மணி அடிச்சா, முயிச்சிகினு இருக்குற பெருசு டிவி சவுண்ட சுத்தமா கொறச்சிடும், நான் இன்னா பேசறேன்னு கேக்க! கொஞ்ச நாளா போனும் காணோம். அந்தப் புள்ள மட்டும் என் கைல கெடச்சான்... ஏண்டா, தூங்குறாருன்னா நேர்ல வந்து எயுப்ப மாட்டியான்னு நாக்க புடுங்கிக்கற மாரி கேட்டுடுவேன். ஆமா!

குடு, அந்த டப்பாவக் காட்டு. பேரு சரியா எயுதிக்கீறாங்களான்னு பாக்கறேன், போன கேக்குல "நடராசன்"னு போட்டு... அய்ய, இன்னா நைனா லைட்டா கீது? கேக்கு எங்க? மொளகு வாசன அடிக்குது...

காராசேவு.

...நைனா, உன் பேரு இன்னா?

அயகேசனா. போன்ல கேட்ட அதே பேரு.

ஐயோ, இவ்ளோ நேரம் இதத்தான் சொல்ல வந்தியா? என் வாயில அடுப்புக் கரிய வெக்க! அந்த "நாதியில்ல" உன் செல்லுக்கும் வந்துச்சா? அது... சோத்துக்கு சொன்னதுப்பா. சத்தியமா உன்ன நெனச்சி சொல்லல. திட்டணும்னா என்ன திட்டிட்டுப் போ... அட, டப்பாவ வாங்கிகினு எங்க போற? வெளி கேட்டு அந்தாண்ட கீது. அது உள்ள போற வழி...

இரு! இப்ப உள்ள போவாத நைனா! பெருசு நாற்காலில குந்திகினு ரிகர்சலு பாத்துகினு கீறாரு! யாரு வந்தாலும் "யாருப்பா நீ"ன்னு கேக்க சொல்லி நாந்தான்... தாத்தா! நடேசன் தாத்தா! நடிக்க வாணாம்! இது முகப்பேர் பார்ட்டி இல்ல... முகப்பேருதான், ஆனா பார்ட்டி இல்ல! உன் புள்ள!

போச்சி. கேட்டுட்டாரு. "யாருப்பா நீ"ன்னு கேட்டுட்டாரு. பாவி மனுசன், நான் சொல்லிக் குடுத்தத விட சோக்கா தலைய ஆட்றாரே! அந்தப் புள்ள டப்பாவ வெச்சிகினு அப்டியே நிக்குது. சொல்லு தாத்தா, தெரியும்னு சொல்லேன்...

அய்ய... கை நடுங்கலியே. கை அவன் சட்டைய கெட்டியா புடிச்சிகினு கீதே! வாயி மட்டும் "யாருப்பா நீ, யாருப்பா நீ"ங்குது. கை வுட மாட்டேங்குது.

மேடம்! ஆக்னஸ் மேடம்! பேண்டு செட்டு வந்துட்டாங்க, கேட்டாண்டயே நிறுத்துங்க. கொஞ்ச நேரம் சத்தம் வாணாம்.