கூடையில் ஒரு மாலை

மீஞ்சூர் தாண்டியதும் ரயில் வண்டிக்குள் உப்புக்காற்றும் ஏறி உட்கார்ந்தது. எதிரே பேப்பர் படித்தவர் பக்கத்துக் கூடைக்காரரிடம் சொன்னார்:

“ஜெர்மனியிலே ஒரு வலதுசாரி மந்திரி, தன்னைப் பத்தி எழுதுனவங்களை ஜெயில்ல தள்ளுனான். பதவி பூட்ச்சு. இப்போ நிதிமந்திரியா திரும்பி வந்துகீறான், நைனா.”

“அந்த ஊரு ஜனத்துக்கு சூடு சொரணை இல்லியா சார்?”

“கைதட்டுறாங்களாம்.”

“த்தூ! அது ஒரு ஊரா?”

“அத்த வுடு. மீன் கூடையில இன்னாத்துக்கு மாலை?”

“எங்க குப்பத்துத் தலைவருக்கு. ஏரியில யாரு எங்க வலை போடறதுன்னு சீட்டு குலுக்குறவரு. குலுக்கல்ல நியாயம் கேட்டான்னு என் தம்பிய ஊரை வுட்டே தொரத்துனாரு. அப்பால ஜனமே அவர எறக்குச்சு. இன்னிக்கு மறுபடி உக்கார்றாரு.”

“அந்தாளுக்கா மாலை?”

“நாளைக்கு சீட்டு அவரு கையிலதான சார். என் வலை தண்ணியில எறங்க வாணாமா?”

பூ வாடாமலிருக்க ஈரத்துணியை இழுத்துப் போர்த்தினார்.